எலிவளை நெல் யாருக்குச் சொந்தம்?

பொங்கல் முடிந்த நான்காம் நாள், காலை ஆறரை மணிக்கு மனைப்பிரிவின் காவலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், உங்கள் மனைக்குப் பக்கத்தில் ஒரு ஆளையும் ஒரு அம்மாவையும் பிடித்து உட்கார வைத்திருக்கிறோம். கையில் கடப்பாரை இருக்கிறது. போலீசுக்குச் சொல்லச் சொல்கிறார் செயலாளர்” என்றார். வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். “ஒரு மண்பானை, ஒரு கோணிப்பை.” எனக்குப் புரிந்துவிட்டது. “நான் வருகிறேன். அதுவரை யாரையும் கூப்பிட வேண்டாம். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பினேன்.

திருப்போரூரைத் தாண்டி எங்கள் தாத்தாவின் நிலம் இருந்தது. மூன்று ஏக்கர் நஞ்சை. 2008ல் சுற்றியிருந்த வயல்களோடு சேர்த்து அதையும் மனைகளாகப் பிரித்தார்கள். பங்காளிகள் விற்றுவிட்டு ஒதுங்கினார்கள். அப்பா மட்டும் பணத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக இரண்டு மனைகளை வைத்துக்கொண்டார். இப்போது அந்த இடத்தில் சுற்றுச்சுவர், இரும்புக் கேட், காவலாளிக்கு ஓர் அறை, வேப்பமரத்தில் ஆணி அடித்து மாட்டிய பலகை: ‘அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.’ நூற்று நாற்பது மனைகளில் முப்பதில்கூட வீடு எழவில்லை. மற்றவற்றில் கோரைப்புல்லும் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. புல்டோசருக்குத் தப்பிய பழைய வரப்புகள் சில இன்னும் அப்படியே ஓடுகின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் நெல் விளைகிறது. மழைநீர் போவதற்கு விட்ட ஓட்டை வழியாக எலி இரவில் அங்கே போய்க் கதிரை வெட்டுகிறது, இழுத்துக்கொண்டு வந்து இங்கே வரப்புக்குள் சேர்க்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் காவலாளி அறையின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கேட்டார்: “சாமி, நீங்கள் கிணற்று மேட்டுப் பெரியவர் வீட்டுப் பிள்ளையா?”

கிணற்று மேடு. அந்தப் பெயரைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தாத்தாவின் வயலை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மனைப்பிரிவின் வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. எங்கள் வீட்டிலேயே அதைச் சொல்பவர்கள் போய்விட்டார்கள். அந்த நிலத்தின் பெயரை இன்னும் நினைவில் வைத்திருந்த ஒரே மனிதரைத்தான் அந்நியர் என்று பிடித்து வைத்திருந்தோம்.

அவர் இருளர். சென்னையைச் சுற்றியுள்ள செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஏரிக்கரைகளிலும் தோப்போரங்களிலும் வாழ்ந்துவருகிற மக்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களில் ஒன்று. எலியும் பாம்பும் பிடிப்பதில் அவர்களுக்கு இணை இல்லை என்று எல்லோரும் சொல்வோம். எங்கே பிடிக்கிறார்கள் என்று மட்டும் யோசிப்பதில்லை. காடு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பக்கத்தில் அவர்கள் பிடிப்பது பெரும்பாலும் அடுத்தவர் வயலில்.

அதை நான் சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தை அறுவடை முடிந்து, கட்டெல்லாம் களத்துக்குப் போய், வயலில் தாள் மட்டும் நிற்கும் நாட்கள். விடியற்காலையில் இரண்டு மூன்று குடும்பங்கள் வரும். ஆண்கள் வரப்பின் மேல் மெதுவாக நடப்பார்கள். வளையின் வாயில் புதிதாகத் தள்ளிய மண் ஈரத்தோடு சின்ன உருண்டைகளாகக் கிடந்தால் எலி உள்ளே இருக்கிறது. வாயில் சிலந்தி நூல் ஓடியிருந்தால் காலி. விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தால் கையை விட மாட்டார்கள், அதற்குள் பாம்பு போய்வருகிறது. எலி ஒரு வாயை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. தப்பி ஓடுவதற்கு வேறு சில வாய்களைத் தோண்டி, மேலே மெல்லிய மண் மூடி வைத்திருக்கும். பார்க்கிற கண்ணுக்குத் தரை மாதிரியே இருக்கும். பெண்கள் காலால் தட்டிப் பார்த்து அந்த இடங்களைக் கண்டுபிடித்துச் சேறு வைத்து அடைப்பார்கள். பிறகு பானை. அதன் பக்கத்தில் ஒரு துளை இருக்கும். உள்ளே வைக்கோலும் பச்சிலையும் போட்டு நெருப்பு வைத்து, பானையின் வாயை வளையின் வாயோடு சேர்த்து வைத்து, துளை வழியாக ஊதுவார்கள். ஊதி ஊதிக் கண் சிவந்துவிடும். புகை உள்ளே போய் எலி மயங்கிய பிறகுதான் கடப்பாரை வேலை செய்யும்.

நான் காத்துக்கொண்டிருந்தது அதற்கடுத்த கணத்துக்காக. மண்ணைப் பெயர்த்துக்கொண்டே போனால் ஓர் அறை வரும், வைக்கோல் மெத்தை போட்டது, அதில் குட்டிகள். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னோர் அறை. அதில் நெற்கதிர்கள். அள்ளிக் கொட்டியதுபோல இருக்காது. காம்பெல்லாம் ஒரு பக்கம், மணியெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்கியிருக்கும். எடுத்து உதறினால் சில வளைகளில் படிக்கணக்கில் நெல் கிடைக்கும். எலியைச் சுட்டுத் தின்பார்கள், நெல்லைக் குத்திக் கஞ்சி வைப்பார்கள். தை மாதத்தில் அந்தக் குடும்பங்களின் அடுப்பு அதில்தான் எரிந்தது.

அந்த நெல் யாருக்குச் சொந்தம்? விதைத்தது தாத்தா. வெட்டிக்கொண்டு போனது எலி. தோண்டி எடுத்தவர் இருளர். பக்கத்து வயல்காரர் தன் வரப்பில் எடுத்ததில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். தாத்தா வாங்கமாட்டார். “அது எலியின் கையை விட்டு வந்தது, என் கையை விட்டு எப்போதோ போய்விட்டது” என்பார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: தோண்டிய வரப்பைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டிவிட்டுப் போவார்கள். காலால் மிதித்து, மண்வெட்டியால் தட்டி, முன்பைவிட உறுதியாக. எலிமருந்துக்குத் தாத்தா ஒரு பைசா செலவு செய்ததில்லை.

வருடா வருடம் யாரும் அனுமதி கேட்டதாக எனக்கு நினைவில்லை. வருவார்கள், தாத்தா திண்ணையிலிருந்து பார்ப்பார், வேலை நடக்கும். மௌனம் சம்மதம் என்று சொல்வதன் முழு அர்த்தத்தை நான் கற்றுக்கொண்டது அந்த வரப்பில்தான்.

தாத்தாவின் அண்ணனிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது, உரிமத்தோடு. மார்கழிப் பனியில் ஏரிக்குப் போய்ச் சிறவி என்கிற காட்டு வாத்தைச் சுட்டுக்கொண்டு வருவார். கரம்பில் கௌதாரியும் முயலும். ஏரி அவருடையதல்ல, அது அரசாங்கப் புறம்போக்கு. கரம்பில் பாதி வேறு யாரோ ஒருவருக்குப் பட்டா. அவரை ஒருநாளும் ஒருவரும் ‘எங்கே வந்தாய்?’ என்று கேட்டதில்லை. அதே கரம்பில் இருளர் ஒருவர் முயலுக்குக் கண்ணி வைத்ததற்காக அவரைக் கட்டிவைத்து அடித்ததை அப்பா சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அப்பாவின் குரல் தாழ்ந்துவிடும்.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கியும் கண்ணியும் ஒன்றாக நின்றுபோயின. துப்பாக்கி வைத்திருந்தவருக்கு ஒரு பொழுதுபோக்கு போயிற்று, அவ்வளவுதான். இருளர்களுக்குப் பிழைப்பே போயிற்று. அதற்கு முன்பு அவர்கள் பிடித்த பாம்புகளின் தோல் தோல்பதனிடுபவர்களிடம் போய்க்கொண்டிருந்தது. 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. அந்தச் சட்டத்தில் எனக்கு வருத்தம் இல்லை. அது வந்திருக்காவிட்டால் சாரைப்பாம்பைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்போம். எலியைப் பிடிப்பதை அது தடுக்கவும் இல்லை. தொல்லை தரும் உயிர்கள் என்று எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றுக்கு அதில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணை நீக்கப்பட்டாலும், வயல் எலி எந்தப் பாதுகாப்புப் பட்டியலுக்குள்ளும் வந்துவிடவில்லை.

1978ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக ஐம்பத்தெட்டாயிரம் பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிழைத்துக்கொள்பவர்கள் உடம்பில் ஏறும் மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. வனத்துறை கொடுக்கும் அனுமதி பாம்பைப் பற்றியது. எந்த வயலில் கால் வைக்கலாம் என்பதைப் பற்றியது அல்ல. அந்த அனுமதி இன்னமும் வரப்பில், வாய்வார்த்தையில், அல்லது வார்த்தைகூட இல்லாமல்தான் கிடைக்க வேண்டும்.

செயலாளரிடம் நான் முதலில் பேசியது சட்டத்தைப்பற்றி. அவர் நல்ல மனிதர், வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். “அத்துமீறல் என்பது குற்றம், அபராதத்தைக்கூடப் பத்து மடங்கு ஆக்கிவிட்டார்கள்” என்றார். பத்து மடங்கு என்பது உண்மை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 447ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு இருக்கிறது. சிறைக்காலம் மாறவில்லை, அபராதத்தின் உச்சம் 5,000 ரூபாய் ஆகிவிட்டது. ஆனால் குற்றம் எது என்பதன் விளக்கம் 1860ல் எழுதியதுதான். அடுத்தவர் அனுபவத்தில் இருக்கும் இடத்துக்குள் நுழைவது மட்டும் போதாது. ஏதாவது குற்றம் செய்யவோ, அங்கே இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணி நுழைந்திருக்க வேண்டும். அப்பா காலத்திலிருந்து கால் பழகிய வரப்பில், பூட்டாத கேட் வழியாக, விடிந்த பிறகு, பானையும் கையுமாக வருகிறவருக்கு அந்த எண்ணம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் நீதிமன்றம். அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே ஓர் இருளருக்கு எல்லாம் முடிந்துவிடும். இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய வழக்கு. ஜாமீன் உண்டு என்பார்கள். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போடப் பட்டா உள்ள ஒருவர் வேண்டும். பட்டா உள்ளவர்தானே புகார் கொடுக்கிறார்? ஒரு முறை பெயர் ஏட்டில் ஏறிவிட்டால், அடுத்த தடவை அந்தப் பக்கத்தில் ஆடு காணாமல் போனாலும் அந்தக் குடிசைக்குத்தான் ஜீப் வரும். இதையெல்லாம் செயலாளரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “ஆனால் நாளைக்கு ஒரு திருடன் இதே கடப்பாரையோடு வந்தால் காவலாளி எப்படிப் பிரித்துப் பார்ப்பான்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. போளூர்ப் பக்கத்திலிருந்து வந்து மாதச் சம்பளத்துக்கு நிற்கும் அந்தக் காவலாளிக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. தாத்தாவுக்கு எல்லோரையும் தெரியும். அந்தத் தெரிந்திருத்தல்தான் வேலியாகவும் கேட்டாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து தாத்தாவின் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ‘நிதி நிட்சேப ஜல தரு பாஷாணம்’ என்று தொடங்கும் அந்த வரி அதிலும் இருக்கிறது. புதையல், புதைத்து வைத்தது, நீர், மரம், கல் எல்லாம் வாங்குபவருக்கே. அதற்குக் கீழே மாமூல் தடத்தில் வண்டி போகும் பாத்தியம், கிணற்றில் பங்கு, வாய்க்காலில் முறைத்தண்ணீர். மண்ணுக்கு மேலும் கீழும் இருந்த எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். தை மாதம் வருகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

எழுதாமல் போனதன் விலை எனக்குச் சட்டப் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வழிநடை, வாய்க்கால் போன்ற பாத்தியங்களுக்கான ஈஸ்மென்ட் சட்டம் 1882ல் வந்தது. அது முதலில் செல்லுபடியான பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. ஊர் வழக்கத்தால் வரும் பாத்தியத்தை அதன் 18ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. பொது மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்க்கும் உரிமையை அதற்கு எடுத்துக்காட்டாகவும் சொல்கிறது. நிலம் உள்ள குடியானவர்களுக்கு அது உதவும். நிலமே இல்லாத இருளருக்குக் கிடைத்ததெல்லாம் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லும் வெறும் அனுமதி. வாயால் சொல்லாமல் நடத்தையாலேயே கொடுத்தாலும் அது அனுமதிதான் என்கிறது 54ஆம் பிரிவு. தாத்தாவின் திண்ணை மௌனத்துக்கு அந்த அளவுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் 59ஆம் பிரிவைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நிலத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுத்தால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது.

அப்படியானால் 2008ல் நாங்கள் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு காலையில், தலைமுறைகளாக இருந்த ஒன்று முடிந்துபோனது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நானும் இருந்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். முடிந்துபோனது அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2022ல் 5,904 என்று விரிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் எத்தனை கிணற்று மேடுகள் இப்படிக் கைமாறியிருக்கும், எத்தனை திண்ணைகள்! அத்துமீறல் சட்டம் மாறியதைப் பற்றி நாம் பேசுகிறோம். அந்தச் சட்டம் அவ்வளவாக மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த சம்மதம்தான் காணாமல் போயிற்று.

அண்ணன் மகன் அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவில் படிக்கிறான். இதைச் சொன்னபோது அவன் அங்கே நடப்பதைச் சொன்னான். அந்த மாநிலத்தில் நிலக்காரர் ‘வராதே’ என்று பலகை வைக்காதவரை, வேட்டைக்குப் போகிறவர் தனியார் நிலத்துக்குள் கேட்காமலே போகலாம். அங்கேயும் மௌனம் சம்மதம், அதுவும் சட்டப்படி. நிலக்காரர்கள் இதை எதிர்த்து நெடுநாளாக வாதாடிவந்தார்கள். என் நிலத்தை மூடி வைக்க நான் ஏன் மைல்கணக்கில் பலகை நட வேண்டும், கேட்க வேண்டியது வருகிறவர்தானே என்பது அவர்கள் பேச்சு. 2021ல் பலகைக்குப் பதிலாக இணையத்திலேயே பதிவு செய்து மூடிக்கொள்ள வழி கொடுத்தார்கள். டெக்சாஸில் 1997 முதல் மரத்தில் ஊதாச் சாயம் பூசினாலே ‘நுழையாதே’ என்று பொருள். ஸ்காட்லாந்தில் 2003ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து அடுத்தவர் நிலத்தில் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தார்கள், ஆனால் வேட்டையை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். இப்படிச் செய்ததில் எது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் அதைச் சட்டமன்றத்தில் வைத்துப் பேசினார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. மௌனத்துக்கு என்ன பொருள் என்று ஊர் கூடி முடிவெடுத்தார்கள். நாம் வேப்பமரத்தில் ஆணி அடித்து முடித்துக்கொண்டோம்.

நம் பக்கத்தில் அப்படி ஒரு பேச்சு நடந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் போய் நின்றார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அந்தத் தண்ணீரை நம்பி நெல் வைத்திருந்தவர்கள் துப்பாக்கிக்காரனை வராதே என்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லயனல் பிளேஸ் என்ற ஆட்சியர் ஏரியைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே வேட்டைக்காரரை வெளியே நிறுத்தியது நியாயம். இங்கே வேட்டைக்காரரை உள்ளே விடுவது நியாயம். இரண்டு இடத்திலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த மண்ணைத் தெரிந்தவர் யார், அதைக் கெடுக்காமல் பிழைப்பவர் யார்.

தாத்தாவின் காலத்தை நான் பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்தார், அவர்கள் முற்றத்தில் நின்றார்கள். ‘சாமி’ என்ற சொல் அன்றும் ஒரு பக்கத்திலிருந்துதான் வந்தது. வரப்பில் எலி பிடிக்க விட்டவர்களே, முன்பணம் கொடுத்து வேறு வேலைகளுக்குக் குடும்பத்தோடு கட்டிப்போட்டதும் உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகளாக, அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் ஏராளம். அனுமதி என்பது கொடுப்பவரின் மனசு. மனசு மாறினால் போயிற்று. உரிமை வேறு.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது காட்டு நிலத்துக்கு மட்டும். வேட்டையாடும் மரபுரிமையை அதுவும் வெளிப்படையாக விலக்கிவிட்டது. கிணற்று மேடு காடு அல்ல. இப்போது வயலும் அல்ல.

இந்த மனைப்பிரிவில் வீடு கட்டியவர்கள் இருளர்களைக் கூப்பிடாதவர்களும் அல்ல. போன ஐப்பசியில் ஒரு வீட்டின் குளியலறையில் கண்ணாடி விரியன் புகுந்துவிட்டது. நள்ளிரவில் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வந்து பிடித்தவர் இதே மனிதரின் மைத்துனர். அன்றைக்கு யாரும் பெயர் எழுதச் சொல்லவில்லை. 2017ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைத்துக்கொண்டு போனார்கள், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்கு. 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் கண்ணுக்கு மண் சொல்கிற செய்தி உலகத்துக்கே தேவைப்படுகிறது. அந்தக் கண் பழகுவதற்கு வரப்பு வேண்டும். பத்து வயதுப் பையன் அப்பாவின் பின்னால் நடந்து, எது புதுமண், எது பழைய மண் என்று பார்த்துப் பழக ஒரு வயல் வேண்டும். இதைத்தான் மனைக்காரர்கள் கூட்டத்தில் நான் சொன்னேன்.

கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியில் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். நான் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. தை, மாசி இரண்டு மாதம் காலையில், வீடு கட்டாத மனைகளில் எலி பிடிக்க அந்தக் குடும்பங்களை விட வேண்டும். பெயரைக் காவலாளியிடம் சொல்லிவிட்டு வருவார்கள். தோண்டிய இடத்தை மூடிவிட்டுப் போவார்கள். எலிமருந்து வைப்பதை நாம் நிறுத்திவிட வேண்டும். போன வருடம் வைத்த மருந்தில் மயில் ஒன்று செத்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். நீண்ட நேரம் பேசினார்கள். குழந்தைகளின் பாதுகாப்பு, வெளியாட்கள், நாளைக்கு உரிமை கொண்டாடினால் என்ன செய்வது. கடைசியில், ஒன்பது பேர் தங்கள் மனைக்குச் சம்மதம் என்றார்கள். மற்றவர்கள் யோசிக்கலாம் என்றார்கள். போலீசுக்குப் போவதில்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த ஒன்பது பேருக்கும் எனக்குமாகச் சேர்த்து ஓர் அனுமதிக் கடிதம் எழுதினேன், மனை எண்களோடு. தாத்தாவின் நிபந்தனையையும் அதே சொற்களில் எழுதினேன். நிலம் கைமாறினால் இது செல்லாது என்று எனக்குத் தெரியும். ஆகவே யாராவது மனையை விற்றால் வாங்குபவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்குச் சட்டத்தில் பலம் உண்டா என்று வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட ஒன்பது பேருக்கும் அது பலமாக இருந்தால் போதும்.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் ஏரிக்கரைக் குடிசையின் வாசலில் இருந்தார். என்னைப் பாயில் உட்காரச் சொன்னார். படித்துக் காட்டினேன். எண்களைக் கேட்டுக்கொண்டே வந்தவர், முடிந்ததும், “கிணற்று மேடு இதில் இருக்கிறதா?” என்று கேட்டார்.

இல்லை. கிணற்றை மூடிய இடம் மனைப்பிரிவின் பூங்கா. சாலை போக மீதி நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படி எழுதிக் கொடுத்த இடம் அது. அதைச் சொன்னேன்.

“எலி அங்கேதான் இருக்கிறது, சாமி” என்றார். “என்னைச் சாமி என்று கூப்பிட வேண்டாம்” என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “சரி, அண்ணா” என்றார்.

அது ஊராட்சியின் இடம் என்றால் அதற்குப் பூட்டுப் போட மனைக்காரர்கள் யார்? ஜனவரி 26 கிராம சபையில் மனு கொடுத்தோம். அவரும் அவர் மனைவியும் இன்னும் நான்கு குடும்பங்களும் வந்து, முன்வரிசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். பூங்காவைத் திறந்துவைக்க வேண்டும், அறுவடைக்குப் பிந்தைய இரண்டு மாதம் எலி பிடிக்க ஊராட்சி அனுமதிக்க வேண்டும் என்று நான் படித்தேன். ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். தீர்மானமாக வைப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். அடுத்த கூட்டம் மார்ச் 22. அதற்குள் மாசி முடிந்துவிடும்.

திரும்பி வரும் வழியில் பூங்காவின் கேட்டுக்கு முன்னால் நின்றார். கம்பிகளுக்கு இடையில் கையை நீட்டி, பூவரச மரத்தடியைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்து குனிந்து பார்க்கச் சொன்னார். சின்னச் சின்ன உருண்டைகளாக, இன்னும் ஈரம் காயாத மண்.

“நேற்று ராத்திரி தள்ளியது, அண்ணா” என்றார்.